குடிக்காதவர் விட்ட குடி

“அன்னைக்கு விட்ட குடியை மறுபடி தொடவே இல்லையே அண்ணே?” என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டபோது, தையல்காரரின் வாயில் பாதி பிஸ்கட் இருந்தது. மீதிப் பாதி டீக்குள் விழுந்தது.

சமையலறையிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தாள். “எந்தக் குடிங்க?”

தையல்காரர் ஜன்மத்தில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. குடிகார அப்பாவிடம் பட்டது போதும் என்று, குடிக்காதவராகப் பார்த்து அவரைக் கட்டிக்கொண்டவள் அவள். கதவருகே மகள் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவளும் பையனும் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். பையனைப் பெற்றவர்களின் சம்மதம்தான் பாக்கி. அதற்காகத்தான் அவன் அம்மாவும் அப்பாவும் இன்று வந்திருந்தார்கள்.

“ஆள் மாறிப் போச்சும்மா. அது நான் இல்ல.”

“நீங்களேதான்! நர்ஸ் பயிற்சியில நீங்கதான் என் முதல் பேஷண்ட். அந்தக் காது மச்சத்தை மறப்பேனா? உங்ககிட்ட பேசித்தானே நான் பாஸானேன்!”

அடடா, அந்தப் பொண்ணா! தையல்காரருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்த நாளெல்லாம் இனி வருமா? நாடகப் பைத்தியம் பிடித்துத் திரிந்த வயசு. கடைக்கு எதிரே நர்ஸ் பயிற்சிப் பள்ளி. அங்கே மாணவிகள் ‘விசில் மேடம்’ என்று பெயர் வைத்திருந்த ஆசிரியை ஒருநாள் கடைக்கே வந்துவிட்டாள்.

“இதுங்க நாளைக்கு நோயாளிகிட்ட தனியா உட்கார்ந்து, அவன் பழக்கத்தை மாத்த வைக்கணும். புத்தகத்தைப் படிச்சா வந்துடுமா? நீ குடிகாரனா நடி. நடிப்புன்னு தெரிஞ்சா இதுங்க சிரிச்சுத் தொலைச்சிடும், யார்கிட்டயும் மூச்சு விடாதே.”

சின்ன அறை, இரண்டு நாற்காலி, ஒரு மேசை. மார்க் போடப் பச்சைத் திரைக்குப் பின்னால் மேடம். வந்த பெண்களெல்லாம் “குடிக்காதீங்க, ஈரல் கெட்டுடும்” என்று ஒப்பித்துவிட்டு ஓடினார்கள். ஒருத்தி மட்டும் நாற்காலியை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டு, “உங்களுக்கு என்னண்ணே வேணும்? நீங்க சொல்லுங்க” என்று கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள். அப்படி ஒருவர் அவரிடம் அதுவரை கேட்டதே இல்லை. நிஜமாகவே அழுதுவிட்டார். விடுவதற்குத் தன்னிடம் ஒரு கெட்ட பழக்கம்கூட இல்லையே என்று வீடு திரும்பும்போது வருத்தமாக இருந்தது. மனசு கேட்காமல், மேடம் சொல்லாமலே அடுத்த வாரம் போய் “விட்டுட்டேன்மா” என்று சொல்லிவிட்டும் வந்தார். அந்தப் பெண்ணுக்கு அன்று எவ்வளவு சந்தோஷம்!

இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். நர்ஸம்மா முந்திக்கொண்டாள்.

“வேலையில அலுப்பு வரும்போதெல்லாம் உங்களைத்தான் நினைச்சுக்குவேன். எங்க வீட்ல பொய் மட்டும்தான் ஆகாதுண்ணே. குடிச்சவனைக்கூட மன்னிச்சிடுவேன், ஏமாத்தினவன் வாசலை மிதிக்கக் கூடாது.”

திறந்த வாய் மூடிக்கொண்டது. மகள் கண்ணாலேயே கெஞ்சினாள்.

“ஏதோ சின்ன வயசுல... லேசா,” என்று இழுத்தார்.

“லேசாவா? அம்மாவோட அண்டாவை வித்துக் குடிச்சேன்னு சொன்னீங்களே!”

மனைவி கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள். “அண்டாவையா? திருடன் தூக்கிட்டுப் போயிட்டான்னு அத்தை கடைசி வரைக்கும் புலம்பினாங்களே!”

“அது வேற அண்டா,” என்றார் தையல்காரர். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

“அப்போ ரெண்டு அண்டாவா! போதும் சாமி. நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். கல்யாணமும் வேணாம், கத்தரிக்காயும் வேணாம்.”

மகள் விசும்ப ஆரம்பித்தாள். நர்ஸம்மா எழுந்தாள். அதட்டவில்லை, புத்தி சொல்லவில்லை. நாற்காலியை இழுத்து மனைவிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, “மனசுல என்ன ஓடுது அண்ணி? நீங்க சொல்லுங்க” என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். தலைதான் நரைத்திருந்தது, காத்திருந்த விதம் அப்படியே இருந்தது.

மனைவி கொட்டித் தீர்த்தாள். அப்பா விழுந்து கிடந்த தெருக்கள், அம்மா அழுத அழுகை, எல்லாம். கட்டினவரிடம்கூட இவ்வளவு சொன்னதில்லை.

“அப்போ, திரும்ப ஆரம்பிச்சிடுவாரோன்னு பயம். அப்படித்தானே அண்ணி?”

“ஆமா.” மூக்கைச் சிந்தினாள்.

“என்ன செஞ்சா அந்தப் பயம் போகும்?”

மனைவி யோசித்தாள். “தினம் கடையில இருந்து வந்ததும் என் முன்னாடி நின்னு வாயை ஊதிக் காட்டணும்.”

“ஊதுவீங்களாண்ணே?”

“ஊதறேன்,” என்றார், ஜன்மத்தில் ஒரு சொட்டுக் குடிக்காதவர்.

அந்த இடத்திலேயே சம்மதம் கிடைத்தது. மகள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நர்ஸம்மாவும் மனைவியும் கூடப் பிறந்தவர்கள் மாதிரி கை கோத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

ஆனாலும் தையல்காரருக்கு மனசு உறுத்தியது. வந்ததிலிருந்து வாயே திறக்காத மாப்பிள்ளையின் அப்பா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். அவரை ஓரமாகக் கூட்டிப்போனார்.

“சம்பந்தி, உங்ககிட்டயாவது சொல்லிடறேன். நான் குடிச்சதே இல்ல. அன்னைக்கு அது வெறும் நடிப்பு. தயவுசெஞ்சு உங்க வீட்டம்மாகிட்ட சொல்லிடாதீங்க.”

சம்பந்தி உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“மெதுவாப் பேசுங்க சம்பந்தி, அன்னைக்குப் பக்கத்து ரூம்ல சிகரெட்காரனா நடிச்சவன் நான்தான், தன் பேச்சைக் கேட்டுத் திருந்தினவன்னு நம்பித்தான் அவ என்னைக் கட்டிக்கிட்டா!”