கருமேகத்தின் விசில்

நாற்பத்தெட்டு மணி நேரமாக இசக்கிமணியின் பஸ் புளியரை வளைவில் நிற்கிறது. டிரைவர் அவன்தான். டீசல் இருக்கிறது, டயர் நன்றாக இருக்கிறது. விசில்தான் வரவில்லை.

பஸ் அவன் செல்போனுக்குள் இருந்தது.

வெளியே, தென்காசி–குற்றாலம் மினிபஸ்ஸில் அவன் கண்டக்டர். எண்ணெய்க் கைகள் நீட்டும் ஈர நோட்டுகளை நாளெல்லாம் நின்றுகொண்டே வாங்குகிறவன். மதியம் குற்றாலத்தில் அரைமணி நேரம் வண்டி நிற்கும். டிரைவர் விஜயசங்கர் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு பின்சீட்டில் சாய்ந்துவிடுவார். இசக்கிமணி 'மலைப்பாதை பஸ்' விளையாட்டைத் திறப்பான். அங்கே அவனுக்கு உட்கார சீட் உண்டு, கையில் ஸ்டீயரிங் உண்டு, சில்லறைத் தகராறு கிடையாது.

பத்து நாளைக்கு முன் அப்டேட் வந்து எல்லாவற்றையும் கெடுத்தது. இனி ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு கண்டக்டர். அருகில் விளையாடும் யாரோ ஒருவர். அவர் இரட்டை விசில் கொடுக்காமல் வண்டி நகராது.

அவனுக்கு வாய்த்த கண்டக்டரின் பெயர் கருமேகம். வளைவுக்கு வளைவு ஒற்றை விசில் ஊதி நிறுத்தினான். இசக்கிமணி பணிவாக ஒரு செய்தி அனுப்பினான். "சும்மா பேசாத, நேரமாவுது" என்று பதில் வந்தது.

வேறு ஆள் கிடைக்கட்டும் என்று அருவிப் பக்கம் நடந்தான். டவர் போயிற்று. பயணிகளை நடுவழியில் விட்டு ஓடிய டிரைவர் என்று அபராதம் விழுந்தது. விளையாட்டை நடத்தும் கம்பெனிக்காரர்களுக்குப் புகார் எழுதினான். அவர்கள் யோசித்து, டிரைவருக்கு மதிப்பெண் போடும் உரிமையையும் கண்டக்டருக்கே கொடுத்தார்கள். மதிப்பெண் சரிந்தால் டிரைவர் கண்டக்டராக இறக்கப்படுவார்.

விஜயசங்கரிடம் சொல்லிப் புலம்பினான்.

"அனுசரிச்சுப் போலே" என்றார் விஜயசங்கர், வண்டி ஓட்டிக்கொண்டே. "டீ கீ வாங்கிக் குடு."

விளையாட்டில் டீ அனுப்ப வழி இருந்தது. கருமேகம் மூன்று டீ குடித்துவிட்டு, புளியரை வளைவில் ஒற்றை விசில் ஊதினான். அதோடு சரி.

இன்று போனில் எழுத்து மின்னியது: 'இன்று முதல் நீங்கள் நடத்துநர்.'

பின்சீட்டில் துண்டு விலகியது. "என்னலே, மூஞ்சி செத்துப்போச்சு?"

"அங்கனயும் கண்டக்டர் ஆக்கிட்டான் அண்ணாச்சி. என்ன அக்குறும்பு பண்ணுதான் தெரியுமா? ஆள் மட்டும் யாருன்னு தெரியட்டும்."

விஜயசங்கர் எழுந்து போய் ஸ்டீயரிங் முன் உட்கார்ந்தார். சாரலில் நனைந்த கூட்டம் ஏறியது. "சும்மா பேசாத, நேரமாவுது, உள்ள போ" என்று வழக்கம்போல் விரட்டிவிட்டு, இசக்கிமணி இரட்டை விசில் ஊதினான்.

வண்டி நகரவில்லை. விஜயசங்கர் திரும்பாமலே சொன்னார்:

"பன்னெண்டு வருசமா உன் விசிலுக்கு நான் வண்டி ஓட்டுதேன். என் விசிலுக்கு உன்னால பத்து நாள் ஓட்ட முடியலயோலே?"