நான் வைனைக் கழுவிய கதை

வேலை கேட்கப் போன இடத்தில் நான் ஒரு பொய் சொன்னேன். நீளமான பொய் இல்லை, ஒரே ஒரு சொல்.

பிரெஞ்சுத் தலைநகரில், ரூ லூயி-பிளாங் தெருவில் உள்ள தமிழ்ச் சாப்பாட்டுக் கடை அது. முதலாளி பரா அண்ணை கேட்டார்:

"பிள்ளை, வைன் பரிமாறத் தெரியுமோ?"

"ஓம்."

(அதுவரை நான் கண்ட வைன், மன்னாரில் ஞாயிறு பூசையில் பாதர் குடிப்பது மட்டும்தான். அதுவும் கடைசி வாங்கிலில் இருந்து கண்டது.)

மூன்று மாதம் பொய் பிடிபடவில்லை. எங்கள் கடைக்கு வருபவர்கள் கொத்துரொட்டியோடு சோடா குடிக்கிற சாதி. எப்போதாவது ஒருவர் சிவப்பு கேட்டால் சிவப்பை ஊற்றினேன், வெள்ளை கேட்டால் வெள்ளையை ஊற்றினேன். தெளிவாக இருந்தால் நல்ல வைன், கலங்கி இருந்தால் கெட்ட வைன் என்று நானே ஒரு சாத்திரமும் உண்டாக்கி வைத்திருந்தேன்.

அப்போதுதான் எலோடி வந்தாள். ஜூரா மலைப்பக்கத்துச் சின்ன ஊர்க்காரி, இருபத்தைந்து வயது இருக்கும். தகப்பன் ஆயுள் முழுக்கச் சிவப்பு வைன் செய்து விற்றவர். இப்போது சனங்கள் சிவப்பைக் குறைத்துக்கொண்டார்களாம். அயலில் சிலர் கொடிகளையே பிடுங்கிவிட்டார்களாம். இளசுகள் தேடுவது வேறு சாமான்: லேசானது, செம்மஞ்சள் நிறமானது, மருந்து சேர்க்காதது, வடிகட்டாதது. (இந்தக் கடைசி விசயத்தைப் பரா அண்ணை எனக்குச் சொல்ல மறந்துவிட்டார். பழியில் பாதியை இன்றைக்கும் அவர் தலையில்தான் போடுகிறேன்.)

எலோடி அப்படி ஒரு வைனை மண்சாடியில் வைத்துச் செய்திருந்தாள். அவளுடைய முதல் அறுவடை. தகப்பன் ஒரு துண்டுக் காணியைக் கொடுத்து, "ஒரு வருசம் செய்து பார், சரிவராவிட்டால் சிவப்புக்குத் திரும்பிவிட வேண்டும்" என்று சொல்லியிருந்தார். உறைப்புக் கறிக்கு இந்த வைன் நன்றாகப் பொருந்தும் என்பது அவளுடைய நம்பிக்கை. அதைக் காட்டத்தான் கால்வாய்ப் பக்கத்து வைன் கடைக்காரர் எட்டுப் பேரை எங்கள் கடைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தாள். அவர்கள் வாங்கினால் அவளுக்குக் காணி நிலைக்கும். எங்களுக்கும் புது வாடிக்கை வரும். பரா அண்ணை அந்த ஒரு நாளுக்குப் போட்டுக்கொள்ளப் புதுச் சேட்டு வாங்கினார்.

அன்று காலை தகப்பனையும் மகளையும் கூட்டிவர அவர் கார் து லியோன் ரயில் நிலையத்துக்குப் புறப்பட்டார்.

"தங்கச்சி, பத்து மணிக்கு எலோடி அனுப்பின போத்தல் எல்லாத்தையும் திறந்து வையும். வைனிலை கொஞ்சம் காத்துப் படவேணும்."

திறந்தேன். ஒரு கிளாசில் ஊற்றிப் பார்த்தேன். பழப்புளியைக் கரைத்து விட்டதுபோல இருந்தது. போத்தலுக்கு அடியில் மண்டி. மணந்து பார்த்தேன், புளித்த கள்ளு! மிச்சப் போத்தல்களையும் திறந்தேன். பன்னிரண்டும் அதே கோலம்.

பரா அண்ணைக்குப் போன் அடித்தேன். மெட்ரோவுக்குள் நின்றிருப்பார், எடுபடவில்லை. அந்தப் பிள்ளையின் முதல் அறுவடை பழுதாகிப் போய்விட்டது, அது இன்னும் அவளுக்குத் தெரியாது, எட்டுப் பேர் வரப்போகிறார்கள். இவளைக் காப்பாற்ற ஆண்டவர் என்னைத்தான் இங்கே அனுப்பியிருக்கிறார் என்று விளங்கியது.

தேங்காய்ப்பால் பிழிகிற துணியை எடுத்தேன். வாளியில் விரித்து ஒவ்வொரு போத்தலாகக் கவிழ்த்தேன். இரண்டு தரம் வடித்தேன். திருப்தி வராமல் கோப்பி வடிக்கிற தாளிலும் ஒரு தரம் விட்டேன். தேன்போலத் தெளிந்தது! பன்னிரண்டு போத்தல் பதினொன்றாகச் சுருங்கிப்போனது உண்மைதான். ஆனால் பதினொன்றும் கண்ணாடி மாதிரி. சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு மேசையில் அடுக்கினேன்.

எல்லாரும் வந்து அமர்ந்தார்கள். நான் ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்றினேன். முதலில் குடித்தவர் எலோடியின் தகப்பன். வாய்க்குள் வைத்து உருட்டினார். விழுங்கினார். பிறகு எழுந்து நின்றார்.

"மகளே," என்றார் தழுதழுத்த குரலில், "கடைசியில் நீ வைன் செய்திருக்கிறாய்!"

மனிதர் கண்ணைத் துடைத்தார். நானும் துடைத்தேன். எலோடி மட்டும் கிளாசை வெளிச்சத்தில் பிடித்து, தன் பிள்ளையை ஆஸ்பத்திரியில் யாரோ மாற்றிக் கொடுத்துவிட்ட தாயைப்போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து, தாடி வைத்த கடைக்காரர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "அதிசயம். தேங்காய் வாசம் வருகிறது. மரப்பீப்பாயில் வைத்தீர்களோ?"

"நான் மரமே பாவிக்கவில்லை" என்றாள் எலோடி. கிளாசை வைத்துவிட்டு நேரே குசினிக்குள் நடந்தாள். பின்னால் பரா அண்ணை. அவருக்குப் பின்னால் நான்.

குசினியில் செம்மஞ்சள் நிறத் துணி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. கீழே வாளி, வாளியில் மண்டி. எலோடி என்னைப் பார்த்தாள். நான் பாராட்டை எதிர்பார்த்து நெஞ்சை நிமிர்த்தினேன். பிரெஞ்சில் வடிகட்டுவதற்கு என்ன சொல் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த சொல்லைப் போட்டேன்.

"மதாம், நான் வைனைக் கழுவிவிட்டேன்."

பரா அண்ணையின் புதுச் சேட்டு வேர்வையில் நனைவதைக் கண்ணால் கண்டேன்.

"தங்கச்சி," என்றார் மெல்ல, "அதை வடிக்கக் கூடாதெண்டுதானே அந்தப் பிள்ளை ஒரு வருசமாப் பாடுபட்டது."

எலோடி அரிசி மூட்டையில் தொப்பென்று இருந்தாள். முகத்தைப் பொத்தினாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். பார்த்தால் சிரிப்பு. சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே "கழுவினாளாம், கழுவினாளாம்" என்று பிரெஞ்சில் சொன்னாள். பிறகு மூக்கைத் துடைத்துவிட்டு எழும்பி, பரா அண்ணைக்குப் பரிசாகத் தன் பையில் கொண்டுவந்திருந்த ஒரு போத்தலை எடுத்தாள். ஒருவரும் கை வைக்காத போத்தல்.

நடந்ததை அவளே மேசையில் சொன்னாள். நான் கழுவிய வைன் இருந்த கிளாசுக்குப் பக்கத்தில் கழுவாததையும் ஆளுக்கு ஒரு மிடறு ஊற்றி, நண்டுக்கறியோடு குடிக்கச் சொன்னாள். தாடிக்காரர் இரண்டையும் மாறி மாறிக் குடித்தார். கழுவியது சோற்றுக்குத் தண்ணீர்போல இருக்கிறதாம். கழுவாதது கறியோடு சண்டை பிடித்துப் பிறகு சமாதானம் ஆகிறதாம். அந்த இடத்திலேயே கலங்கலுக்கு ஓடர் கொடுத்தார். மற்றவர்களில் மூன்று பேரும் கொடுத்தார்கள்.

தகப்பன்தான் முறைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் நண்டுக்காலைக் கடித்துக்கொண்டு கலங்கலை ஒரு மிடறு குடித்தார்.

"இது எனக்குப் பிடிக்கவில்லை," என்றார். இன்னொரு மிடறு குடித்தார். "இந்தக் கறியோடு மட்டும் பிடிக்கிறது. சரி, இன்னொரு வருசம் செய்." அத்தோடு நிற்கவில்லை. நான் கழுவியதில் மிச்சம் இருந்த போத்தல்களைத் தன் வீட்டுக்குக் கட்டித் தரச் சொன்னார்.

பரா அண்ணை என்னை வேலையால் நிப்பாட்டத்தான் இருந்தார். எலோடி விடவில்லை. அடுத்த வருசம் போத்தல் ஒட்டுத்தாளில் "வடிகட்ட வேண்டாம்" என்று தமிழிலும் ஒரு வரி போடப் போகிறேன், எழுதித் தா என்று கேட்டாள். என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும் என்பதால் வில்லியே லே பெல்லில் எங்கள் வீட்டில் இருந்த என் மனுசன் அன்ரனிடம் எழுத விட்டேன். அவர் சிரித்துக்கொண்டே எழுதி மடித்துத் தந்தார். நானும் பிரித்துப் பார்க்காமல் கொடுத்துவிட்டேன்.

இப்போது எங்கள் ஆட்கள் கடை வைத்திருக்கிற லா சப்பேலில் நாலைந்து கடைகளில் அந்த வைன் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் போத்தலின் பின்பக்கத் தமிழ் வரியை ஏதோ கீழைத்தேசத்து அலங்காரம் என்று நினைத்து ரசிக்கிறார்கள். எங்கள் ஆட்கள் படம் எடுக்கிறார்கள். போன கிழமையும் ஒரு அண்ணை போத்தலைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு என்னிடமே உரக்க வாசித்தார்:

"'ஜெசிந்தா, வடிக்காதே!' தங்கச்சி, ஆரப்பா இந்த ஜெசிந்தா?"

"எனக்குத் தெரியாது அண்ணை," என்று சொல்லி, சட்டையில் குத்தியிருந்த என் பெயர் அட்டையைக் கையால் பொத்திக்கொண்டேன்.