ஆகாயத்தில் வந்த வலி

பட்டியல் போடுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எல்லாவற்றையும் யோசித்துவிட்டோம் என்று நம்புவார்கள். எனக்கு அது முற்றிய நிலை. (குளிக்கப் போகவும் பட்டியல் எழுதுவேன் என்று அம்மா சொல்வது பொய். எண்ணெய் தேய்க்கிற நாளில் மட்டும்தான்.)

தொண்ணூறுகளில், என்ஜினியரிங் முடித்த கையோடு, கேரள எல்லையைத் தாண்டி அமரவிளையில் லேத் பட்டறை வைத்திருந்த மாமாவோடு சேர்ந்து இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் ஒன்றைக் கட்டினேன். அலுமினியக் குழாய், துணி இறக்கை, டூ ஸ்ட்ரோக் என்ஜின். இரண்டு வருஷம் அதிலேயே போனது. பெங்களூரில் சிறு விமானம் செய்யும் முதலாளி ஒருவர் பார்க்க வந்தார். ஒரு சுற்று பறந்து காட்டினால் விமானத்தை வாங்கிக்கொள்வார், எனக்கும் வேலை தருவார்.

ஓட்டுவதற்கு, பட்டாளத்தில் விமானம் ஓட்டி ஓய்வுபெற்ற மதுரைக்காரர் ஒருவரை அழைத்திருந்தோம். இருபத்து மூன்று அம்சப் பட்டியலை அவரிடம் கொடுத்தேன். நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"படிக்கலையா சார்?"

"ஏம்மா, நான் பிளேன் ஓட்டுறப்ப நீ பொறந்தே இருக்க மாட்ட."

அந்த இருபத்து மூன்றாவது அம்சம்: என்ஜின் சத்தத்தில் பேச முடியாது, ஆகவே ஒற்றைச் சொல். விமானம் மேலே ஏற ஸ்டிக்கை இழுக்க வேண்டுமென்றால், 'வலி'. எங்கள் பக்கம் வலி என்றால் இழு. கிணற்றுக் கயிற்றையும் வலிப்போம், லேத் பெல்ட்டையும் வலிப்போம்.

அவர் முன்னால், நான் பின்னால். குறிப்பெழுதும் அட்டை காற்றில் போகாமலிருக்க, இரண்டு கையாலும் வயிற்றோடு அழுத்திப் பிடித்திருந்தேன். தென்னை மரங்கள் நேராக வந்தன.

"வலி!" என்றேன். கேட்கவில்லை. "வலி! வலி!"

திரும்பிப் பார்த்தார். ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறுகிறாள். மரங்களைச் சாதாரணமாகத் தாண்டி (என் ஆலோசனை தேவையே இருக்கவில்லை), திருப்புறம் பக்கம் அறுவடை முடிந்த வயலில் பூப்போல இறக்கினார்.

"எங்கம்மா வலிக்குது?"

"வலிக்கல சார்! உங்களைத்தான் வலிக்கச் சொன்னேன்!"

"பாவம், உளறுது" என்று வழியில் வந்த ஜீப்பை மறித்தார்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டருக்கு மலையாளம் மட்டும்தான். "பிளேன்ல வலி வலின்னு ஒரே கத்தல் டாக்டர்" என்றார் மதுரைக்காரர். (மலையாளத்தில் வலி என்றால் புகைப்பதும்தான்.) டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஈ குட்டி வலிக்குமோ?" இந்தப் பெண் புகைப்பாளா என்று கேட்கிறார்.

"நல்லா வலிக்கும் போல. துடிச்சிருச்சு."

"திவசம் எத்ர?" ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்கிறார்.

இவருக்கு 'எத்தனை' மட்டும் புரிந்தது. "அஞ்சாறு தடவையாவது இருக்கும்."

"சாரே, ஞான்..." என்று தொடங்கினேன்.

"மிண்டண்ட" என்று என் பேச்சை அடக்கி ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்தார். "ஸ்வாசம் வலிக்கு."

வலித்தேன். வேறென்ன செய்ய?

நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வேண்டும், சிகரெட்டை உடனே நிறுத்த வேண்டும் என்று அவர் எழுதித் தந்த சீட்டை, காரில் பின்தொடர்ந்து வந்த முதலாளிதான் வாங்கிப் படித்தார். "பெட்ரோலும் துணியும் கிடக்கிற பட்டறைம்மா என்னோடது" என்றார் வருத்தமாக.

செய்தி கேட்டு மாமாவோடு ஓடிவந்த அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "எட்டி, எப்ப இருந்து இது?"

மாமா மட்டும் பெருமையாகச் சொன்னார்: "எனக்க பட்டறையில இவ ஒரு பீடி தொட்டதில்ல. வெளியில வச்சுத்தான் வலிப்பா ஆக்கும்!"

மூன்று அர்த்தங்களையும் வரிசை எண் போட்டு விளக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. மதுரைக்காரர் சிரித்தார், டாக்டர் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. ஆனால் விமானத்தை வாங்கினார், வேலையும் தந்தார். நியமனக் கடிதத்தின் ஏழாவது நிபந்தனைக்குக் கீழே மட்டும் சிவப்பு மையில் இரண்டு கோடு: 'பணியிடத்தில் புகைபிடிக்கக் கூடாது.'

என் கல்யாணத்துக்கு மாமா ஒரு பொட்டலம் தந்தார். மிச்சமிருந்த அலுமினியத்தில் அவரே கடைந்த ஆஷ்ட்ரே. இன்றைக்கும் அதில் நட்டும் வாஷரும் போட்டு மேஜைமேல் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்க்கிறார்கள், பிறகு என் கணவரைப் பார்க்கிறார்கள். அவர் என்னைக் காட்டுகிறார்.