தவளையம்மா சம்மதம் தரவில்லை

காலை ஆறு மணிக்கே வரிசை தெருமுனையைத் தாண்டி மருந்துக்கடை வரை வந்துவிட்டது. வக்கீல், வாத்தியார், வண்டியோட்டி என்ற பேதமே இல்லை. ஏமாறுவதில் மட்டும் என்ன ஒற்றுமை!

மாடியில் தவளையம்மா இருக்கிறாள். கேள்வி கேட்டால் கத்துவாள். கத்தினால் சம்மதம். கத்தாவிட்டால் சம்மதமில்லை, அடுத்த வாரம் வந்து மறுபடி காணிக்கை கட்டிக் கேட்க வேண்டும். அம்மாவின் மனதை அறிந்த ஒரே மனிதர் ஐயா. போன வருஷம் வரை இதே மாடியில் வண்ணமீன் விற்றவர். மீன் வாய் பேசாது என்பதால் தொழிலை மாற்றிக்கொண்டார்.

வரிசையில் தையல்காரி ஒருத்தி தங்கையோடு நின்றாள். அவள் மார்பில் ஒரு கட்டி. உடனே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லி மூன்று வாரமாகிறது. மூன்று வாரமும் தவளையம்மா வாயைத் திறக்கவில்லை. தங்கைக்கு விஷயம் தெரிந்ததே நேற்றுதான். அவளுக்கு விலங்குக் காட்சிசாலையில் வேலை. அபூர்வ மரத்தவளைகளைக் கண்ணாடித் தொட்டிகளில் வளர்த்து இனம் பெருக்குகிற அறை அவள் பொறுப்பு. எட்டு வருஷமாகத் தவளைக்குப் பூச்சி போட்டுப் பிழைக்கிறவளின் சொந்த அக்கா, தன் உயிரையே ஒரு தவளையிடம் கொடுத்துவிட்டு நிற்கிறாள். தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை.

"டாக்டருக்குத் தெரியாதது தவளைக்கு என்னக்கா தெரியும்?"

"மெதுவாப் பேசுடி. அம்மா காதுல விழப்போகுது."

"அதுக்குக் காதுமடலே கிடையாது."

"உனக்கு எல்லாமே கிண்டல்தான்."

மாடியில் இவர்களுக்கு முன்னால் ஒரு மளிகைக்கடைக்காரர். இரண்டாவது கடை திறக்கலாமா என்று கேட்டார். ஐயா கண்களை மூடிக்கொண்டு தொட்டிக்குள் தண்ணீர் தெளித்தார்.

"கர்ர்ர்!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அம்மா களைத்துவிட்டாள் என்று ஐயா தொட்டியைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோனார். ஒரு நிமிஷத்தில் திரும்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அக்கா ஆபரேஷனைப் பற்றிக் கேட்டாள். ஐயா தண்ணீர் தெளித்தார். தவளை கண்ணை மட்டும் உருட்டியது.

"அம்மா இன்னும் சம்மதிக்கல. அடுத்த வாரம் வாம்மா" என்றார் ஐயா.

தங்கை குனிந்து பார்த்தாள். சற்று முன் கத்தியது சின்னது, தொண்டை கறுத்தது. இது பெரியது, தொண்டை வெளுத்தது. ஒரு நிமிஷத்தில் அம்மாவுக்கு உடம்பு வைத்துவிட்டது போலும்!

"ஐயா, நான் ஒண்ணு கேக்கலாமா? ரெண்டும் ரெண்டும் நாலா?"

ஐயா தண்ணீர் தெளித்தார். சத்தமில்லை.

"அம்மாவைச் சோதிக்கக் கூடாது!" ஐயா முகம் சிவந்தது.

"சரி, சோதிக்கல. அம்மாவுக்குப் பிடிச்சது ஒண்ணு போடுறேன்."

போனை எடுத்தாள். மழைச் சத்தம் கொட்டியது. அவள் அறையில் தவளைகள் ஜோடி சேர்வதற்காகத் தினமும் போடுகிற அதே சத்தம். மேசைமேல் இருந்த அம்மா அசையவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து வந்தது:

"கர்ர்ர்! கர்ர்ர்! கர்ர்ர்!"

"அம்மா இங்க இருக்காங்க. சத்தம் அங்கேருந்து வருதே?" என்றார் வரிசையில் பின்னால் நின்ற வக்கீல்.

"அம்மா எங்கேயும் இருப்பா" என்றார் மளிகைக்கடைக்காரர். இரண்டாவது கடைக்கு நேற்றே முன்பணம் கொடுத்தாகிவிட்டது, பாவம்.

தங்கை திரையை விலக்கினாள். இன்னொரு தொட்டி. அதில் தொண்டை புடைக்கக் கத்திக்கொண்டிருந்தது சின்னத் தவளை.

"மேசையில இருக்கிறது பொட்டை. அது இப்படிக் கத்தாது. இது ஆண். மழைன்னு நெனச்சா ஜோடியைக் கூப்பிடும். அது பாட்டுக்குப் பொண்ணு தேடுது, நீங்க கடை திறக்கிறீங்க!"

சின்னதன்மேல் தண்ணீர் தெளித்தாள். "ரெண்டும் ரெண்டும் அஞ்சா?"

"கர்ர்ர்!"

ஐயா படியிறங்கப் பார்த்தார். படி முழுக்க அவருடைய பக்தர்களே அடைத்துக்கொண்டு நின்றார்கள். "வரிசையில வாங்க" என்றார் ஒருவர்.

அக்கா அவர் எதிரில் போய் நின்றாள். "எனக்கு மட்டும் ஏன் ஐயா மூணு வாரமும் கத்தாததை எடுத்து வெச்சீங்க?"

ஐயா தலையைத் தொங்கப்போட்டார். "சம்மதம் கிடைச்சவங்க திரும்பி வர்றதில்லம்மா."

அக்கா தங்கையின் கையைப் பிடித்தாள். "டாக்டர் இப்ப இருப்பாங்களாடி?"

"இருப்பாங்க. வாக்கா."

இருவரும் படியிறங்கும்போது வக்கீல் பின்னாலேயே ஓடிவந்தார். "அந்த ஆளு மோசடிதான், ஒத்துக்கிறேன். ஆனா அந்த ஆண் தவளை பொய் சொல்லாதில்லம்மா? என் கேஸைப் பத்தி ஒரே ஒரு கேள்வி..."

தங்கை திரும்பிப் பார்த்தாள்.

"மழை வந்தா அது வாயைத் திறந்திடும், சார். உங்க மூளை திறக்க என்னதான் வரணும்?"