மந்திரித்த தக்காளியைக் கழுவக் கூடாதாம்

23 ஜனவரி 2025, வியாழன், காலை 6.40. பாச்சலூர் தோட்டம். உங்கள் பங்கான முன்வரிசைகள் இரண்டில் 214 தக்காளி. புழு துளைத்தவை 97. என் பங்கான பின்வரிசைகள் இரண்டில் 206, துளைத்தவை 11.

மதிப்பிற்குரிய உபகாரம் சித்தப்பாவுக்கு, உங்கள் அண்ணன் மகன் எல்வின் வணக்கத்துடன் எழுதுவது. கொடைக்கானலில் நீங்களும் சகாயராணி சித்தியும் சுகமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். நான் சுகமாக இல்லை. சளி, மூக்கடைப்பு, அதற்கு மேல் நீங்கள். போனில் சொல்லலாம்தான், நான் இரண்டாவது வாக்கியத்துக்கு வருமுன் வைத்துவிடுகிறீர்கள்.

செவ்வாய்க்கிழமை நான் ஒட்டன்சத்திரம் போன நேரம் பார்த்து வந்து மருந்து அடித்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். ஸ்பிரேயர் முன்வரிசை ஓரத்திலேயே கெடக்கு, காலி பாட்டிலும் கெடக்கு, வேறே சாட்சி வேண்டாம். அடித்துப் பத்து நாளைக்குப் பழம் பறிக்காதே என்று அந்தப் பாட்டிலில் தமிழிலேயே போட்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை அறுவடைத் திருநாள் பூசை, அதாவது நீங்கள் அடித்த ஐந்தாம் நாள். கேட்டால், "ஏலே, ஆண்டவருக்குப் பொத்தப் பழத்தையா வைப்பாக? ரெண்டு கூடை வெரசாப் பறிச்சு வை" என்கிறீர்கள். ஆண்டவர் சாப்பிடப் போவதில்லை சித்தப்பா. பூசை முடிந்து பழத்தை ஏலம் விடுவார்கள், எடுத்தவர் அங்கேயே பிள்ளைகளுக்குப் பங்கு வைப்பார். சாமியார் பூசையில் மந்திரித்த பழத்தைக் கழுவக் கூடாது என்பது நம் கோயில் வழக்கம். கழுவினாலே முழுசாகப் போகாத மருந்தைக் கழுவாமல் தின்னப் போவது என் தங்கச்சி ஜெனி மகனோடு சேர்த்து நாற்பது பிள்ளைகள்.

பூச்சியைத் தக்காளியிலிருந்து இழுக்க என் வரிசை வரப்பில் செண்டுப்பூ நட்டபோது "தக்காளித் தோட்டமா, கல்லறைத் தோட்டமாலே?" என்றீர்கள். ஆண் அந்துப்பூச்சியை வாசம் காட்டிப் பிடிக்கிற பொறியைக் கட்டியபோது "பூச்சிக்குப் பொண்ணு பாக்குற புரோக்கராலே நீ?" என்றீர்கள். எண்ணிக்கை மேலே இருக்கு, பாத்துக்கோங்க. முன்வரிசைப் பழம் ஒன்றுகூடக் கோயில் படி ஏறாது. அடுத்த போகத்துக்குத் தோட்டத்தை வேறு ஆளிடம் விடுவதாக மிரட்டினீர்கள்; விடுங்க. ஞாயிற்றுக்கிழமை பீடத்தில் இருக்கப்போவது என் பின்வரிசைப் பழம்தான்.

சித்திக்கு என் அன்பு. ஆண்டவர் உங்களுக்கு நீண்ட ஆயுளும், லேபிள் வாசிக்கிற பொறுமையும் தருவாராக.

கீழ்ப்படியாத மகன்,
எல்வின்

பி.கு.: பஸ்ஸில் கொடுத்துவிட இதை மடிக்கும்போது, பழம் பறிக்க வந்த அன்னக்கொடி அக்கா சொன்னது: "ஒன் சித்தப்பா முன்வரிசையில எங்க அடிச்சாக, தம்பி? அங்க தொட்டித் தண்ணியில கைகாலு கழுவிட்டுப் போனாக, அம்புட்டுத்தான். சாமிக்கு வைக்கிறது நல்லதா இருக்கணும்னு தோட்டத்தையே சுத்திப் பாத்து, ஒன் வரிசைக்குத்தான் அடிச்சாக. 'பய நல்லாத்தான் வளத்துருக்கான்'னு சொல்லிக்கிட்டே அடிச்சாக."

காலையில் எண்ணிக்கொண்டே என் வரிசையில் நாலு பழம் தின்றிருக்கிறேன். ஆகவே செய்யப்போவது:

1. பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போவேன்.
2. திரும்பி வந்ததும் என் வரிசைகளைச் சுற்றிக் கயிறு கட்டுவேன். பிப்ரவரி பிறக்கும்வரை யாரும் தொடக் கூடாது, நீங்களும்தான்.
3. பீடத்துக்கு உங்கள் முன்வரிசைப் பழம் இரண்டு கூடை, பொத்தலோடு அனுப்புவேன். மருந்து படாதது இப்போது அதுதான்.
4. ஏலத்தில் இது யார் வளர்த்தது என்று கேட்டால், மைக்கில் உங்கள் பெயரைச் சொல்வேன்.