காதுக்குள் ரசமட்டம்

"இன்னொரு தடவை ஊதுய்யா."

ஓட்டுநர் ஊதினார். கருவியில் மறுபடியும் பூஜ்யம்தான் வந்தது.

பேருந்துப் பணிமனையில், வண்டியை எடுக்கும் முன் ஓட்டுநர்கள் குடித்திருக்கிறார்களா என்று ஊதச் சொல்லிச் சோதிக்கும் அதிகாரிக்கு 'மோப்பம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருக்குச் சந்தேகம் வராத நாள் கிடையாது. அன்று காலை கண் விழித்ததுமே, தூங்கும்போது கட்டிலை நகர்த்திவிட்டாள் என்று மனைவியோடு ஒரு பாட்டம் சண்டை போட்டிருந்தார். அலுவலகத்துக்கு வந்ததும் சுவர்க் கடிகாரம் கோணலாகத் தொங்குகிறது என்று கூட்டுகிற அம்மாவைப் பிடித்துக்கொண்டார். அவர் திருப்தியாகும்வரை அந்த அம்மா அதைத் தள்ளித் தள்ளி மாட்டினார்.

இப்போது எதிரே நிற்கிற ஓட்டுநர் ஆடுகிறார். கண்ணால் பார்த்தாயிற்று. கருவி மட்டும் இல்லை என்கிறது.

"மெஷினை என்ன பண்ணினே?"

"நீங்கதானே சார் வாயில வெச்சீங்க."

"வாசனை வராம இருக்க ஏதாவது மென்னியா?"

"அவசரத்துல பல்லே விளக்கல சார்."

பக்கத்தில் போய் மோந்து பார்த்த மோப்பம், அது உண்மை என்று உடனே தெரிந்துகொண்டு விலகினார்.

"சரி, அந்த மஞ்சக் கோட்டு மேல நட."

நடந்தார். மோப்பத்தின் பார்வையில் ஆளும் ஆடினார், கோடும் நெளிந்தது. கோடு போட்டவனையும் ஒரு நாள் விசாரிக்க வேண்டும் என்று மனதில் போட்டுக்கொண்டார். வெளியே பயணிகள் பேருந்தின் தகரத்தைத் தட்ட ஆரம்பித்திருந்தார்கள்.

"குடிச்சிருக்கேன்னு நீங்க எழுதிட்டா என் லைசென்ஸ் போயிடும் சார்," என்றார் ஓட்டுநர். "எனக்கு வேற தொழில் தெரியாது."

மோப்பத்துக்கும் மனசு கேட்கவில்லை. ஆனால் சந்தேகம் விடுமா? காது டாக்டரான தங்கைக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, குடிக்காம ஒருத்தன் ஆடுவானா?"

"காதுல கோளாறு இருந்தா ஆடலாம்ணே."

"நான் காலைப் பத்திக் கேக்கறேன், நீ காதைச் சொல்றே."

"நம்மள நேரா நிக்க வைக்கிறதே காதுதான். கொத்தனார் ரசமட்டம் வெச்சுப் பாக்கறாரே, அந்த மாதிரி. உள்காதுல வளைவளையா மூணு குழாய், அதுக்குள்ள தண்ணி..."

"தண்ணியா? நான் அப்பவே நெனைச்சேன்."

"அண்ணே, இது பொறந்ததுலேர்ந்து உள்ள இருக்கற தண்ணி."

"பொறந்ததுலேர்ந்தேவா?" மோப்பம் ஓட்டுநரை ஏற இறங்கப் பார்த்தார்.

"தலையைத் திருப்பினா அது நகரும், எந்தப் பக்கம் திரும்பறோம்னு மூளைக்குத் தெரியும். பக்கத்துல பொடிப்பொடியா கல்லு இருக்கு..."

"கள்ளா?"

"கல்லுண்ணே, சுண்ணாம்புக் கல்லு. அது நழுவிக் குழாய்க்குள்ள விழுந்துட்டா, தலை நின்னப்புறமும் தண்ணி அசையும். நாம சுத்தறோம்னு மூளை நம்பிடும். புரண்டு படுத்தா, எந்திரிச்சா, நிமிர்ந்து பாத்தா எல்லாமே ஆடும்."

"வேஷம் போடறானான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"உக்கார வெச்சு, தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டுனு மல்லாக்கப் படுக்க வைக்கணும். தலை வெளிய தொங்கணும். கல்லு விழுந்திருந்தா கண்ணு தானா ஓடும். கண்ணு பொய் சொல்லாது. ஓடினா இங்க கூட்டிட்டு வாங்க, தலையைத் திருப்பித் திருப்பியே கல்லைப் பழைய இடத்துக்கு அனுப்பிடலாம்."

கண் பொய் சொல்லாது என்பது மோப்பத்துக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஓட்டுநருக்கோ பெஞ்சில் எப்படிப் படுப்பது என்று புரியவில்லை.

"இப்படிய்யா," என்று மோப்பம் தானே உட்கார்ந்து, தலையைத் திருப்பி, தடாலென்று சாய்ந்து காட்டிவிட்டு எழுந்தார். பெஞ்சு பம்பரமாகச் சுற்றியது. இப்படிக் கால் ஆடுகிற பெஞ்சை வாங்கிப் போட்டவர்கள் எவ்வளவு பணம் அடித்திருப்பார்களோ என்று அவர்கள் மேலும் சந்தேகம் வந்தது. விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப நீ படு. என் கண்ணையே பாரு."

ஓட்டுநர் படுத்துப் பார்த்தார். மோப்பம் குனிந்தார். அடேயப்பா, கண்ணா அது? ஒரு இடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

"ஓடுது! நீ குடிக்கல, ஒத்துக்கறேன். ஆனா காதுல கல்லை வெச்சுக்கிட்டு வண்டி ஓட்டலாமா? எப்படிப் பாத்தாலும் உனக்கு வேலை இல்லய்யா."

ஓட்டுநர் மேலே பார்த்தபடியே கிடந்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்து, பயந்து மூடிக்கொண்டார்.

அதைப் பார்த்ததும், நாளைக்கு இவன் இல்லை என்று சாதிப்பான் என்ற சந்தேகம் மோப்பத்துக்கு வந்தது. சாட்சி வேண்டும். கூட்டுகிற அம்மாவைக் கூப்பிட்டார்.

"இங்க வாம்மா. கண்ணு ஓடுதா இல்லையா? நல்லாப் பாத்து நீயே சொல்லு."

அந்த அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். படுத்திருந்தவரைப் பார்த்தார். குனிந்திருந்தவரைப் பார்த்தார். இன்னொரு தடவை இரண்டு பேரையும் பார்த்தார்.

"ஓடுது சார். அவரோடது இல்ல, உங்களோடது."