பட்டியலார் ஏன் படியேறினார்?

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்த ஐந்து மாடிக் கட்டடத்தின் வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால், மேலே ஏதோ சும்மா கொடுக்கிறார்கள் என்று நினைப்பீர்கள். மேலே யாரும் எதையும் சும்மா கொடுப்பதில்லை. ஒவ்வொருவர் கக்கத்திலும் நீல அட்டை போட்ட ஒரு குறிப்பேடு. முகத்தில் பரீட்சைக்குப் போகிறவர்களின் களை. வாத்தியார், வக்கீல், வங்கிக்காரர், பல் டாக்டர் என்று படித்தவர்கள்தான் பாதிக்கு மேல். படிக்காதவர்களுக்கு இவ்வளவு எழுத நேரம் ஏது?

ஐந்தாம் மாடிக் கூடத்தில் நடப்பதற்குப் பெயர் வார மீள்பார்வை. போன வாரம் என்ன செய்தோம், எதை விட்டோம், வருகிற வாரம் எதை முடிக்க வேண்டும் என்று உட்கார்ந்து பார்ப்பது. நல்ல பழக்கம். ஒரு மேசையும் கால் மணி நேரமும் இருந்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஆனால் வீட்டில் பார்த்தால் பலிக்காது என்று ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். அவர்தான் பட்டியலார். இந்தத் தொழிலுக்கு வருமுன் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது யாருக்கும் தெரியாது. அவர் பட்டியலில் அது இல்லை.

பட்டியலாரின் அற்புதம் இதுதான். மூடிய குறிப்பேட்டின் மேல் உள்ளங்கையை வைப்பார். கண்ணை மூடுவார். "பல் டாக்டரே, உங்க தங்கச்சிக்கு ஒரு கடிதம் எழுதணும்னு மூணு வாரமா தள்ளிப் போடறீங்க" என்பார். பல் டாக்டர் வாயைப் பிளப்பார். அவரிடம் போகிறவர்கள்கூட அவ்வளவு பிளந்ததில்லை.

மூன்று வாரம் தள்ளிப்போன வேலை உங்களுடையதே இல்லை என்பது பட்டியலாரின் தத்துவம். வழி தவறி உங்கள் ஏட்டுக்குள் வந்துவிட்டதாம். அதைச் சிவப்பு மையால் ஒரே கோடாக அடித்து 'விடுவிப்பார்'. அடுத்த ஞாயிறு பார்த்தால், என்ன ஆச்சரியம், அந்த வேலை பட்டியலில் இருக்காது! அடித்த வேலை எப்படி இருக்கும் என்று ஒருவரும் கேட்டதில்லை. குறிப்பேட்டையும் அவரிடமேதான் வாங்க வேண்டும். கடையில் வாங்கிய நோட்டு பேசாதாம்.

இந்தக் கூட்டத்தில், அந்தக் கட்டடத்து லிஃப்ட்டையும் பராமரிக்கிற ஒரு லிஃப்ட் மெக்கானிக்கும் இருந்தார். அவருடைய மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. சனிக்கிழமை மாலைதோறும் அவள் ஏணியில் ஏறி ஒவ்வொரு அலமாரியாக மருந்துகளின் காலாவதித் தேதியைப் பார்ப்பாள். தேதி நெருங்கியதை முன்னால் வைப்பாள், தாண்டியதை எடுத்துவிடுவாள். பதினோரு வருடமாகச் செய்கிறாள். அதற்குப் பெயர் உண்டென்றோ, யாராவது கைதட்டுவார்கள் என்றோ அவளுக்குத் தோன்றியதில்லை.

போன ஞாயிறு மத்தியானம் மெக்கானிக் சீட்டியடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"என்னங்க, இவ்வளவு குஷி?"

"மூணு வாரமா நெஞ்சுல கல்லு மாதிரி இருந்துச்சு. அய்யா ஒரே கோட்டுல விடுவிச்சுட்டாரு."

"எத?"

"அந்தக் கட்டடத்து லிஃப்ட்டு பிரேக்க."

அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"அது தேஞ்சிருச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? ஆளு நிறைஞ்சா, நின்ன பிறகும் ரெண்டு விரக்கடை இறங்குதுன்னு?"

"இறங்குது. ஆனா அது என் வேலையில்லையாம்."

"லிஃப்ட் மெக்கானிக்குக்கு லிஃப்ட்டு பிரேக் வேலையில்லன்னா, வேற யாருக்கு? எனக்கா?"

"உனக்கு ஒண்ணும் புரியாது. அத மாத்தணும்னா ஒரு முழு நாள் லிஃப்ட்ட நிறுத்தணும். மத்த நாள்ல நாலாம் மாடிக்குப் பிசியோதெரபிக்கு ஆளுங்க வராங்க, சக்கர நாற்காலியில. ஞாயித்துக்கிழமை ஒண்ணுதான் தோது."

"அப்ப ஞாயித்துக்கிழமை மாத்துங்க."

"ஞாயித்துக்கிழமை நிறுத்தினா அய்யாவோட கூட்டத்துக்கு எப்படி வருவாங்க? அஞ்சு மாடி ஏறியா?"

சொல்லிவிட்டு அவரே ஒரு கணம் நின்றார். ஏதோ எட்டிப் பார்த்ததுபோல் இருந்தது. பிறகு துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

அந்த வீட்டில் சண்டையைவிட மௌனம்தான் நீளமாக நடக்கும். அந்த வாரம் முழுக்க நடந்தது. பிசியோதெரபிக்கு வருகிறவர்கள் திரும்பும்போது அவள் கடையில்தான் வலி மாத்திரை வாங்குவார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தவர், மகள் நாற்காலியைத் தள்ள வருவார். மீதிச் சில்லறையை அவர் இடது கையால் மெல்ல மெல்லப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, அவர் இன்று எத்தனை தடவை அந்த லிஃப்ட் பெட்டிக்குள் போய் வந்தார் என்று அவள் எண்ணிப் பார்த்தாள். லிஃப்ட்டின் பராமரிப்பு அட்டையில் கையெழுத்து அவள் புருஷனுடையது. பட்டியலார் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை.

சனிக்கிழமை மெக்கானிக் மூன்று மணி நேரம் உட்கார்ந்து தன் குறிப்பேட்டை எழுதி முடித்தார். அந்த மூன்று மணி நேரத்தில் பாதி பிரேக்கைக் கழற்றியிருக்கலாம். அவர் தூங்கிய பிறகு அவள் ஏட்டைத் திறந்து, கடைசி வரியாக ஒன்றை எழுதி, பக்கத்தில் 'மூன்றாம் வாரம்' என்றும் குறித்து மூடிவைத்தாள். காலையில் நல்ல புடவையை உடுத்திக்கொண்டு, "நானும் வரேன்" என்றாள். மெக்கானிக்குக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

கட்டடத்து வாசலில் பட்டியலார் படியேறிக்கொண்டிருந்தார். வெள்ளைப் பட்டுச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பின்னால் அவருடைய மச்சான், அவரைவிடக் கனத்த சரீரம், கைப்பிடியை இழுத்து இழுத்து ஏறினார்.

"அஞ்சு மாடி! இந்த வயசுல!" என்று ஒரு வக்கீல் உருகினார்.

அவள் காவலாளியிடம் போனாள். "எப்பவும் படியிலதான் போவாராண்ணே?"

"எங்கம்மா! ஒண்ணாம் மாடிக்குப் போகணும்னாக்கூட லிஃப்ட்டு வர்ற வரைக்கும் நிப்பாரு. மூணு வாரமாத்தான் இந்த உடற்பயிற்சி."

அவள் லிஃப்ட் வாசலுக்கு வந்தாள். உள்ளே ஏழெட்டுப் பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"ஏறாதீங்க, பிரேக் சரியில்ல."

"அது போன வாரமே விடுவிச்சாச்சும்மா" என்றார் வங்கிக்காரர், குழந்தைக்குச் சொல்வதுபோல. கதவு மூடியது.

"என் மானத்த வாங்காதே" என்று மெக்கானிக் பல்லைக் கடித்தார். பிறகு விறுவிறுவென்று படியில் ஏறத் தொடங்கினார். அவளும் ஏறினாள். மூன்றாம் மாடித் திருப்பத்தில் கேட்டாள்.

"நீங்க ஏன் லிஃப்ட்டுல வரல?"

மெக்கானிக் கைப்பிடியைப் பிடித்து இன்னும் வேகமாக ஏறினார். மீதி இரண்டு மாடியும் அவருடைய மூச்சு மட்டும்தான் கேட்டது.

கூடத்தில் எண்பது பேர். வாசலில் மச்சான் எல்லார் குறிப்பேடுகளையும் ஒரு பெரிய தட்டில் வாங்கி அடுக்கி, உள் அறைக்குக் கொண்டுபோனார். அங்கே அவை அரை மணி நேரம் 'ஓய்வெடுக்கும்'. வாரம் முழுக்கச் சுமந்த களைப்பாம். அந்த அரை மணி நேரமும் மனிதர்கள் கண்ணை மூடி மௌனமாக இருக்க வேண்டும். திறந்தால் வருகிற வாரம் வீண். எண்பது பேரும் இறுக்கி மூடிக்கொண்டார்கள். அவள் திறந்தே வைத்திருந்தாள். உள் அறைக் கதவின் கீழே விளக்கு வெளிச்சம். ஏடுகளுக்குத் தூங்க விளக்கு எதற்கு? காது கொடுத்துக் கேட்டால் பக்கம் புரளும் சத்தம். புரண்டு புரண்டு படுக்கின்றன போலிருக்கிறது. நடுவில் பட்டியலார் ஓசைப்படாமல் எழுந்து உள்ளே போய்விட்டு வந்தார்.

அரங்கேற்றம் தொடங்கியது. பத்துப் பேருக்குப் பத்து அற்புதம். பிறகு மெக்கானிக்கின் ஏடு.

பட்டியலார் கையை வைத்தார். நெற்றி சுருங்கியது.

"வாயில்லா ஜீவன் ஒண்ணு தெரியுது. நாலு கால். வலியில துடிக்குது. மெக்கானிக்கு! உங்க குதிரைக்கு லாடம் அடிக்காம மூணு வாரமா தள்ளிப் போடறீங்களே, நியாயமா?"

கூடம் "ஆ" என்றது. மெக்கானிக் திருதிருவென்று விழித்தார்.

"அய்யா, என்கிட்ட குதிரை இல்லீங்களே. நான் இருக்கறதே ரெண்டு ரூம் வீடு. மூணாவது மாடி."

அவள் எழுந்தாள். "இல்லாத குதிரைய நான்தான் நேத்து நோட்டுல எழுதினேன். அவருக்கே தெரியாது. அய்யாவோட கை மனச படிக்குதுன்னா அவரு மனசுல குதிரையே இல்லையே? நோட்ட உள்ள வச்சு யாரோ படிச்சிருக்காங்க. அவ்வளவுதான்."

இங்கே மோசடி உடைந்தது என்று நினைக்கிறீர்களா? பக்தியின் தோல் அவ்வளவு மெல்லியதில்லை. பட்டியலார் ஒரு புன்னகை செய்தார், அவ்வளவுதான்.

"குதிரைன்னா குதிரையாம்மா? அது மனசு. அடங்காம ஓடுற மனசு. அதைத்தான் நான் பார்த்தேன். உன் கையால அத எழுத வச்சது எதுன்னு யோசிச்சியா?"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. ஒரு வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அய்யா, எனக்கும் ஒரு குதிரை இருக்கு!"

"உக்காருங்க, எல்லாருக்கும் இருக்கு" என்றார் பட்டியலார்.

அவள் உட்காரவில்லை. கைதட்டல் ஓயும்வரை நின்றாள். மருந்துக்கடைக்காரர்களுக்கு வரிசையில் நின்று பழக்கமில்லாவிட்டாலும் வரிசையைக் காத்திருக்க வைத்துப் பழக்கம் உண்டு.

"சரிங்க. குதிரை மனசு. அப்ப போன வாரம் நீங்க விடுவிச்ச லிஃப்ட்டு பிரேக்கு?"

"அது பயம்."

"பயம் போயிருச்சுங்களா?"

"என்னைக்கோ போயிருச்சு."

"அப்ப ஒரே ஒரு வேண்டுகோள். இந்த லிஃப்ட்டுல எட்டு பேரு போகலாம். நீங்க, உங்க மச்சான், இன்னும் நல்லா கனமா ஆறு பேரு ஏறுங்க. கீழ போயிட்டு மேல வாங்க. நான் உங்க கால்ல விழுந்து ஆயிரம் நோட்டு வாங்கிக்கறேன்."

பட்டியலார் தண்ணீர் குடித்தார். "படியேறுறது என் தவம்மா."

"மூணு வாரமாத்தானே இந்தத் தவம்? எங்க வீட்டுக்காரரு நோட்டுல பிரேக்குன்னு எழுதி மூணு வாரம். சரியா இருக்குங்களே. உங்களுக்குத் தவம்னா விட்டுடுங்க. உங்க மச்சான் போகட்டும்."

எண்பது தலைகளும் மச்சான் பக்கம் திரும்பின. வங்கிக்காரர் உற்சாகமாகிவிட்டார். "போயிட்டு வந்து இந்த அம்மா வாய அடைங்க! வாங்க, நானே கூட வரேன்!" என்று மச்சானின் கையைப் பிடித்து லிஃப்ட் பக்கம் இழுத்தார். நம்பிக்கையுள்ளவர்கள் எப்போதும் கொஞ்சம் பலசாலிகள். லிஃப்ட் கதவு திறந்ததும் மச்சான் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"விடுய்யா! எனக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கு! அந்த நோட்டப் படிச்ச அன்னிக்கே அத்தான்கிட்ட சொன்னேன், வேற இடம் பாருங்க, இல்ல பிரேக்க மாத்தச் சொல்லுங்கன்னு. லிஃப்ட்டு நின்னா எவனும் மேல வரமாட்டான், அடிச்சு விட்டுடறேன்னாரு. நான் அதுல கால் வைக்க மாட்டேன்!"

மௌனம். அரை மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு வராத மௌனம் அது. திறந்த லிஃப்ட் கதவு காத்திருந்து பார்த்துவிட்டுத் தானே மூடிக்கொண்டது.

"நோட்டப் படிச்சீங்களா?" என்று வாத்தியார் மெதுவாகக் கேட்டார். அவருடைய குதிரை படுத்துவிட்டது.

மெக்கானிக் யாரையும் பார்க்காமல் எழுந்து மாடிக்கு மேலிருக்கும் மோட்டார் அறைக்குப் போனார். சற்று நேரத்தில் லிஃப்ட்டின் விளக்கு அணைந்தது. திரும்பி வந்தபோது அவர் கை மணிக்கட்டுவரை கறுப்பாக இருந்தது. உள்ளங்கையை விரித்துக் காட்டினார். பட்டியலார் காட்டுவதைப்போல அழகாக இல்லை.

"பிரேக்குத் தூள். பிரேக்குல பிடிக்கிற லைனிங் நகத்தோட கனம்தான் மிச்சம் இருக்கு. தேயுதுன்னு எனக்குத் தெரியும். அவரு அடிச்சப்ப எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. அதான்..." மனைவியைப் பார்த்தார். "இன்னைக்கே கழட்டிடறேன்."

"டிஃபன் பாக்ஸ் கொண்டு வந்திருக்கேன்" என்றாள் அவள்.

பட்டியலார் அதற்குள் படியில் இறங்கிக்கொண்டிருந்தார். ஏறும்போது இருந்த நிதானம் இல்லை. சிவப்பு மைப் பேனா மேசையிலேயே கிடந்தது.

உள் அறையிலிருந்து ஏடுகளை எடுத்துக்கொண்டு கூட்டமும் இறங்கியது. எண்பது பேர், எண்பது நீல ஏடுகள், ஐந்து மாடி. அடுத்த ஞாயிறு வேறு யாரிடம் போகலாம் என்று சிலர் இப்போதே விசாரித்துக்கொண்டார்கள். வங்கிக்காரர் மட்டும் இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றார். அவர் நல்ல மனிதர், தவறிலிருந்து பாடம் கற்கிறவர். மறந்துவிடக் கூடாதென்று ஏட்டைத் திறந்து, சுவரில் வைத்து, அடுத்த வாரத்துக்கான பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதினார்: 'இனிமேல் சொந்தமாகச் சிந்திக்க வேண்டும்.'

அய்யா, அந்த ஒன்றையாவது பட்டியலில் போடாதீர்கள். நின்ற இடத்திலேயே செய்துவிடுங்கள்.